பொருநைக் கரையில் ஆந்தைக் காசு: பழங்கிரேக்க வெள்ளிக் காசுகளின் அருங்காட்சியகப் படிகளும் நாணயவியல் சான்றும்

ஆய்வுச்சுருக்கம்

அருங்காட்சியகங்கள் பழங்கிரேக்க வெள்ளிக் காசுகளைப் படியெடுத்துக் காட்சிக்கு வைக்கின்றன. பார்வையாளருக்கு விற்கவும் செய்கின்றன. அப்படிகள் காலப்போக்கில் தம் தோற்றச் செய்தியை இழந்து மூலக் காசுகளோடு கலந்துவிடும் வாய்ப்பு உண்டு. தாமிரபரணிப் படுகையில் நிகழ்த்திய கள ஆய்வில் எதிர்ப்பட்ட ஒரு காசினை முன்வைத்து, மூலம், படி, பின்பற்றுக் காசு, போலி ஆகியவற்றின் வேறுபாட்டையும், படியெடுக்கும் முறைகளையும், களத்தில் செய்யத்தக்க சோதனைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. படியானது தன்னைப் படி என்று தானே அறிவிக்க வேண்டும் என்னும் நெறி தமிழ்க் கல்வெட்டு மரபில் முன்பே வழங்கியது என்பதும், அந்நெறியை நாணயவியலுக்கும் கொள்ள வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஆந்தைக் காசு, படி, பின்பற்றுக் காசு, வண்ணக்கர், பழங்கற்படி, தாமிரபரணி, கொற்கை.

முன்னுரை

முனைவர் பட்ட ஆய்வின் பொருட்டுத் தாமிரபரணியின் கீழ்ப்படுகை ஊர்களில் தனியாரிடம் உள்ள பழங்காசுகளைப் பதிவு செய்து வந்தபோது, ஒரு வீட்டில் தகரப் பெட்டி நிறையக் காசுகளைக் காட்டினர். நாயக்கர் காலச் செப்புக் காசுகளும் டச்சுக் கிழக்கிந்தியக் குழுமத்தின் செப்புக் காசுகளும் அதில் மிகுதியாக இருந்தன. அவற்றினிடையே வெள்ளி நிறத்தில் தடித்த காசு ஒன்று கிடந்தது. ஒருபுறம் தலைக்கவசம் அணிந்த பெண்ணின் தலை, மறுபுறம் ஆந்தை. எல்லாக் காசுகளும் ஆற்று மணலில் கிடைத்தவை என்று வீட்டார் கூறினர்.

ஏதென்சு நகரின் நான்கு திராக்மா காசு கொற்கைக்கு அண்மையில் கிடைத்திருக்கிறது என்னும் எண்ணம் தந்த மகிழ்ச்சியில், அதனை ஒரு கருத்தரங்கிற்கு அனுப்பிய கட்டுரைச் சுருக்கத்தில் 'யவனக் காசு' எனக் குறித்துவிட்டேன். பின்னர் எடை பார்த்தபோது 12.0 கிராம் மட்டுமே இருந்தது. அக்காசின் நிறை ஏறத்தாழ 17.2 கிராம் இருத்தல் வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியில் நோக்கியபோது விளிம்பைச் சுற்றி மெல்லிய பொருத்துக்கோடும், பாதி தேய்ந்த சிறு எழுத்துக்குறியும் தெரிந்தன. மீண்டும் சென்று உசாவியதில், கப்பலில் பணிபுரிந்த தம் கணவர் பல்லாண்டுகளுக்கு முன் பிரேயசுத் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்தது அது என்று வீட்டிலிருந்த முதிய அம்மையார் நினைவுகூர்ந்தார். கட்டுரைச் சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

இதில் ஏமாற்றியவர் எவரும் இலர். படியை விற்ற கடை படி என்றே விற்றது. வாங்கியவரும் அறிந்தே வாங்கினார். ஒரே பெட்டியில் பிற காசுகளோடு கிடந்த சில பத்தாண்டுகளில் அது ஆற்றுக் காசாக மாறிவிட்டது. ஆய்வாளர் ஒருவர் அதற்கு எழுத்துச் சான்று தந்திருந்தால் அம்மாற்றம் நிலைபெற்றிருக்கும். இக்கட்டுரை எழுந்ததற்கு இந்நிகழ்வே காரணம்.

மூலம், படி, பின்பற்று, போலி

தோற்றத்தில் ஒத்திருக்கும் காசுகளை நான்காகப் பகுத்துக்கொள்வது நலம். ஒரு நகரமோ அரசோ தன் அதிகாரத்தின்கீழ் அடித்து வெளியிட்டது மூலக் காசு. அதன் தோற்றத்தைத் தழுவி வேறொரு நாட்டார் அதே காலத்திலோ சற்றுப் பின்னரோ புழக்கத்திற்காக அடித்தது பின்பற்றுக் காசு. பிறரை ஏமாற்றும் நோக்குடன் செய்யப்பட்டது போலி. இது பண்டைக் காலத்தில் வணிகரை ஏமாற்றச் செய்ததாகவும் இருக்கலாம். பிற்காலத்தில் சேகரிப்போரை ஏமாற்றச் செய்ததாகவும் இருக்கலாம். கற்பிக்கவும் காட்சிப்படுத்தவும் நினைவுப்பொருளாக வைத்துக்கொள்ளவும் வெளிப்படையாகச் செய்தது படி.

இந்நான்கையும் பிரிப்பது பெரும்பாலும் ஆக்கியோரின் நோக்கமே. நோக்கம் காசின் மேற்பரப்பில் தெரிவதில்லை. விற்பவர் ஒரு சொல்லை மறைத்தால் படி போலியாகிவிடும். போலியை அருங்காட்சியகம் அடையாளமிட்டுக் காட்சிக்கு வைத்தால் அது கல்விப் பொருளாகிவிடும். செருமானியரான கார்ல் வில்லெல்ம் பெக்கர் (1772–1830) கிரேக்க, ரோமானியக் காசுகளுக்குத் தாமே முத்திரையச்சுகளைச் செதுக்கி அடித்து விற்றவர். அவருடைய அச்சுகள் இன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் ஆய்வுப் பொருள்களாகப் பாதுகாக்கப்படுகின்றன.

ஏதென்சின் ஆந்தையும் அதன் சோதனையும்

ஆந்தைக் காசின் முகப்பில் நகரத் தெய்வமான அத்தீனாவின் தலையும், பின்புறத்தில் அத்தெய்வத்திற்குரிய ஆந்தை, ஒலிவக் கிளை, சிறு பிறை ஆகியனவும், நகரின் பெயரைச் சுட்டும் ஆல்பா, தீட்டா, எப்சிலன் என்னும் மூன்று எழுத்துகளும் அமைந்திருக்கும். ஒரு திராக்மா ஏறத்தாழ 4.3 கிராம், நான்கு திராக்மா 17.2 கிராம். அத்திக்காவின் லோரியன் சுரங்க வெள்ளி இக்காசுகளுக்கு அடிப்படையாக இருந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டுக் காசுகளில் முகம் பக்கவாட்டில் இருப்பினும் கண் மட்டும் நேரே நோக்குவது போல் முழுமையாக வரையப்பட்டிருக்கும், கி.மு. 4ஆம் நூற்றாண்டில் கண்ணும் பக்கவாட்டுத் தோற்றம் பெற்றது. காலம் கணிக்க இக்கூறு பெரிதும் பயன்படுகிறது. இன்றைய கிரேக்க நாட்டின் ஒரு யூரோ காசிலும் இந்த ஆந்தையே பொறிக்கப்பட்டுள்ளது.

நம்பிக்கை பெற்ற காசு பின்பற்றப்படுவது இயல்பு. எகிப்து, கீழை மத்தியதரைக் கடற்பகுதி, தென் அரேபியா ஆகிய இடங்களில் ஆந்தைக் காசினைத் தழுவிய காசுகள் அடிக்கப்பட்டன. அவை ஏதென்சின் அங்காடிக்கும் வந்து சேர்ந்தன. கி.மு. 375/374இல் நிக்கோபோன் என்பவர் முன்மொழிந்து நிறைவேறிய சட்டம் இச்சிக்கலுக்குத் தீர்வு கூறுகிறது. அச்சட்டம் பொறித்த கல் 1970இல் ஏதென்சின் பழைய அங்காடி அகழாய்வில் வெளிப்பட்டது. அதன்படி அரசு அடிமையான காசு நோட்டகர் ஒருவர் பணமாற்றுவோரின் பலகைகளுக்கு நடுவே அமர்ந்து காசுகளைச் சோதிப்பார். ஏதென்சின் முத்திரை போன்றே அமைந்த அயல்நாட்டுக் காசு நல்ல வெள்ளியாக இருப்பின், கொண்டுவந்தவரிடமே அதனைத் திருப்பித் தருவார். உள்ளே செம்போ ஈயமோ வைத்து வெள்ளி போர்த்தியது எனில் அங்கேயே குறுக்காக வெட்டுவார். வெட்டிய காசு தெய்வங்களின் அன்னைக்கு உரியதாகி மன்றத்தில் ஒப்படைக்கப்படும். நோட்டகர் தம் கடமையில் தவறினால் அவருக்குக் கசையடி உண்டு.

பின்பற்றுக் காசினையும் போலியையும் இச்சட்டம் தெளிவாக வேறுபடுத்தியதும், போலியை அழிக்காமல் வெட்டி அடையாளமிட்டுப் பொது இடத்தில் வைத்ததும் கருதத்தக்கன. வெட்டுப்பட்ட காசு மீண்டும் நல்ல காசாக வலம்வர இயலாது.

தமிழகத்தில் காசு நோட்டமும் பின்பற்றும்

இத்தகைய சோதனை தமிழகத்திற்குப் புதிதன்று. சங்கப் புலவருள் வடமவண்ணக்கன் பேரிசாத்தனார், வடமவண்ணக்கன் தாமோதரனார் முதலியோரின் பெயர்களில் வரும் வண்ணக்கன் என்னும் சொல் நாணயத்தின் தரம் நோக்குவோரைக் குறிக்கும். தொழிற்பெயர் புலவரின் அடைமொழியாகும் அளவிற்கு அத்தொழில் நிலைபெற்றிருந்தது. கௌடலியரின் அருத்தசாத்திரமும் ரூபதர்சகன் என்னும் காசு நோட்டகரைச் சுட்டுகிறது. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, ஊர்ச்சபையின் வாரியங்களுள் பொன்வாரியத்தையும் குறிப்பிடுகிறது.

வெட்டுக்குறியிட்ட காசுகளும் தமிழகத்தில் கிடைத்துள்ளன. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 ரோமானியப் பொற்காசுகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் அரசரின் தலையுருவத்தின் குறுக்கே உளிவெட்டு உள்ளது. அவ்வெட்டின் காரணம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், அயல்நாட்டுக் காசினை அப்படியே ஏற்காமல் அதன்மேல் தன் முடிவைப் பொறித்த கை ஒன்று இங்கு இருந்தது என்பது உறுதி.

பின்பற்றுக் காசுகளுக்கும் இங்குச் சான்றுகள் உள்ளன. தமிழி எழுத்தில் 'மாக்கோதை' எனப் பொறிக்கப்பட்ட சேரர் வெள்ளிக் காசில் உள்ள தலையுருவம் ரோமானிய வெள்ளிக் காசுகளின் தாக்கத்தால் அமைந்தது எனக் கருதுவர். அயல் வடிவத்தை ஏற்றுத் தன் மன்னன் பெயரைத் தன் எழுத்தில் பொறித்ததால் அது போலியாகாமல் புதிய மூலமாயிற்று. பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைத் தழுவி உள்நாட்டில் செய்யப்பட்ட காசுகள் தென்தமிழகத்திலும் இலங்கையிலும் அறியப்பட்டுள்ளன. இவை மூலத்தினும் சிறியனவாகவும் எழுத்து சிதைந்தனவாகவும் இருந்தாலும் வணிக வரலாற்றிற்கு மூலக் காசுகளுக்கு நிகரான சான்றுகளே. எனவே 'மூலம் அன்று' என்ற ஒன்றாலேயே ஒரு காசினை ஒதுக்கிவிடலாகாது. எவ்வகையில் மூலம் அன்று என்பதை அறிதல் வேண்டும்.

படியெடுக்கும் முறைகள்

பண்டைக் காசுகள் அடித்துச் செய்யப்பட்டவை. அடியச்சின்மேல் வெள்ளி வில்லையை வைத்து, மேலச்சைப் பிடித்துச் சம்மட்டியால் அடித்தனர். அடியின் விசையால் உலோகம் வெளிநோக்கிப் பாய்ந்து விளிம்பில் வெடிப்புகள் தோன்றும். உருவமும் நடுவில் அமையாமல் ஒருபுறம் ஒதுங்கும். ஒரே அச்சில் அடித்த இரு காசுகள்கூட முற்றிலும் ஒத்திரா.

அருங்காட்சியகப் படிகளுள் மிகத் துல்லியமானது மின்படிவு முறையில் செய்ததாகும். காசின் இருபுறங்களுக்கும் தனித்தனியே வார்ப்பச்சு எடுத்து, மின்னோட்டத்தின் வழியாக அதில் மெல்லிய செப்பு ஓட்டினைப் படியச் செய்வர். இரண்டு ஓடுகளையும் ஈயக் கலவையால் நிரப்பி ஒட்டி மேலே வெள்ளி பூசுவர். 1859 முதல் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்காக இராபர்ட் ரெடி என்பவர் இம்முறையில் பெருந்தொகையான படிகளைச் செய்தார். அவர் தம் பெயரின் முதலெழுத்தைப் பல படிகளின் விளிம்பில் பொறித்தார். மூலக் காசுகளைப் பெட்டகத்தில் வைத்துவிட்டுப் படிகளையே மக்கள் பார்வைக்கு வைத்தனர். பார்க்லே ஹெட் எழுதிய பழங்காலப் பொன், வெள்ளிக் காசுகளின் கையேடு இப்படிகளின் வரிசையை ஒட்டி அமைந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரேக்க நாணயக் கல்வி பரவியதில் படிகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

நினைவுப்பொருட் கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் வெள்ளீயக் கலவையில் வார்த்தவை. இவற்றில் காற்றுக்குமிழிகள் விட்ட நுண்குழிகளும், முனைமழுங்கிய கோடுகளும், விளிம்பில் அச்சு சேர்ந்த தடமும் காணப்படும். மூன்றாம் வகை, புதிய அச்சு செதுக்கி நல்ல வெள்ளியிலேயே அடித்தவை. பெக்கர் செய்தவையும், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏதென்சில் கிறிஸ்டோடூலோசு செய்தவையும் இவ்வகையின. படிகளுள் இவ்வகை அரிது. போலிகளுள் இதுவே இடர்மிக்கது.

பொருநைப் படுகையும் படியின் தேவையும்

தாமிரபரணிப் படுகையின் காசு ஆய்வு ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. 1888இல் லோவென்தால் பாதிரியார் திருநெல்வேலிக் காசுகளுக்கென்றே தனிநூல் வெளியிட்டார். 'பெருவழுதி' என்னும் தமிழிப் பொறிப்புடைய பாண்டியர் செப்புக்காசினை வெளிப்படுத்திய இரா. கிருஷ்ணமூர்த்தி, சங்ககாலத் தமிழக நாணயங்கள் குறித்து 1997இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. இவர்கள் பயன்படுத்திய காசுகளுள் பெரும்பாலானவை அகழாய்வு மண்ணடுக்கில் கிடைத்தவை அல்ல. ஆற்று மணலை அரிப்போரிடமும் வணிகரிடமும் வாங்கியவை. தென்னிந்திய நாணயவியலின் பெரும்பகுதி இத்தகைய காசுகளின்மேல் எழுந்ததே. படி ஒன்று உள்ளே நுழைவதற்கான வழியும் இதுவே.

கிரேக்கத் தொடர்பு பற்றிய ஆர்வம் இப்பகுதியில் மிகுதி. எரித்திரையக் கடற்பயண நூலும் தாலமியின் நிலவியல் நூலும் குறிக்கும் 'கொல்கொய்' கொற்கையே என்பதைக் கால்டுவெல் உள்ளிட்டோர் எடுத்துரைத்தனர். முத்துக்குளித்துறையாக அது அந்நூல்களில் இடம்பெறுகிறது. 1968–69இல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை கொற்கையில் அகழாய்வு நிகழ்த்தியது. இத்தகைய பின்புலத்தில் ஆந்தைக் காசு ஒன்று கண்ணில் பட்டால் நம்பிவிடத் தோன்றும். என் பிழையும் அவ்வாறு நேர்ந்ததே. எதிர்பார்ப்பு மிகுந்த இடத்தில் சோதனையும் மிகுதல் வேண்டும்.

இதனால் படிகளே வேண்டா என்று கூறுதல் பொருந்தாது. இப்படுகையின் தொல்பொருள்கள் பல இங்கு இல்லை. ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் எடுத்த பொருள்கள் பெர்லினுக்குச் சென்றன. அலெக்சாண்டர் ரியா 1899 முதல் எடுத்த பொற்பட்டங்களும் வெண்கலப் பொருள்களும் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. 2023இல் ஆதிச்சநல்லூரிலேயே அகழாய்வுக் குழிகளைக் காணும் வகையில் களக் காட்சியகம் திறக்கப்பட்டுள்ளது. மூலங்கள் தொலைவில் உள்ள நிலையில் இவ்வூர் மாணவர் தம் முன்னோரின் கைவினையை அருகிருந்து காண நல்ல படிகளே துணை. யவன வணிகத்தைக் கற்பிக்கும் வகுப்பிலும் ஆந்தைக் காசின் படியைக் கையில் கொடுத்தால் எடை, தடிப்பு, உருவம் ஆகியவற்றை மாணவர் உணர்ந்து கற்பர். ஆகவே, படியைப் படியாகவே நிலைநிறுத்தும் வழி எது என்பதே ஆராயத்தக்கது.

களச் சோதனை

ஆய்வகக் கருவிகள் இன்றியே செய்யத்தக்க சோதனைகள் சில உள்ளன. முதலாவது எடை. இரண்டாவது ஒப்படர்த்தி. காசினை நூலில் கட்டித் துல்லியத் தராசில் காற்றிலும் பின் நீரில் அமிழ்த்தியும் எடைபார்த்து, காற்றில் கண்ட எடையை நீரில் குறைந்த எடையால் வகுக்க வேண்டும். மேற்கூறிய காசு காற்றில் 12.0 கிராம், நீரில் குறைந்தது 1.64 கிராம், ஈவு ஏறத்தாழ 7.3. இது வெள்ளீயத்தின் ஒப்படர்த்தி. வெள்ளிக்கு 10.5, செம்பிற்கு 8.9, ஈயத்திற்கு 11.3. மூலத்திலிருந்து வார்ப்பச்சு எடுத்த படி மூலத்தின் கன அளவையே ஏறத்தாழக் கொண்டிருக்கும். அதே 1.64 கன சென்டிமீட்டர் வெள்ளியாக இருந்தால் எடை 17.2 கிராம் ஆகும் என்பதைக் கணக்கிட்டுக் காணலாம்.

இச்சோதனைக்கு எல்லை உண்டு. செம்பின்மேல் வெள்ளி போர்த்திய பண்டைப் போலியும் குறைந்த ஒப்படர்த்தி காட்டும். ஆனால் அது மதிப்புமிக்க தொல்பொருள். நல்ல வெள்ளியில் அடித்த நவீனப் போலியோ இச்சோதனையில் தேறிவிடும். ஆதலால் விளிம்பினை உருப்பெருக்கியில் நோக்குவதும், ஐயத்திற்கிடமான காசினை அருங்காட்சியக நூற்பட்டியல்களில் உள்ள படங்களோடு ஒப்பிடுவதும் இன்றியமையாதன. வெடிப்பு, ஒதுக்கம், கீறல் உட்பட அனைத்தும் வேறொரு காசினோடு முழுதும் ஒத்திருந்தால் இரண்டனுள் ஒன்றேனும் வார்ப்பு எனக் கொள்ளலாம். இவை எல்லாவற்றினும் முதன்மையானது, காசு வந்த வழியை அதனை வைத்திருப்போரிடம், குறிப்பாக வீட்டின் மூத்தோரிடம், ஒன்றுக்கு மேற்பட்ட முறை கேட்டுப் பதிவதாகும். முதிய அம்மையாரின் ஒரு சொல் தந்த விடையைத் தராசு தந்திருக்க இயலாது.

சட்டமும் மரபும்

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலை மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் நூறாண்டுக்குக் குறையாத காசுகளைத் தொல்பொருளாகக் கொள்கிறது. அண்மையில் செய்த படிகள் இவ்வரையறைக்குள் வாரா. ரெடி செய்த மின்படிவுப் படிகளோ நூறாண்டைக் கடந்துவிட்டன. அவை தாமே வரலாற்றுப் பொருள்களாகிவிட்டன. அமெரிக்காவில் 1973இல் இயற்றிய சட்டம், பழங்காசுகளின் நவீனப் படிகளில் 'படி' என்னும் பொருளுடைய சொல்லைப் பொறிக்க வேண்டும் என்கிறது.

இந்நெறி தமிழ் மரபில் நெடுங்காலத்திற்கு முன்னரே இருந்தது. செங்கற் கோயில்களைக் கற்றளியாக்கும்போது பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரில் மீண்டும் வெட்டினர். செம்பியன் மாதேவியார் காலத்தில் திருக்கோடிக்காவலில் அவ்வாறு வெட்டியவற்றில் 'இதுவும் ஒரு பழங்கற்படி' என்னும் குறிப்பு இடம்பெற்றது. முதலாம் இராசராசன் காலத்தில் திருமழபாடிக் கோயிலைப் பிரித்துக் கட்டும்முன் கல்வெட்டுகளைப் புத்தகத்தில் படியெடுத்து வைத்துப் பின்னர்ப் பொறித்தனர். அச்சிறு குறிப்பினால்தான் எழுத்தமைதி பிற்காலத்தது, செய்தி முற்காலத்தது என்று இன்று பிரித்தறிய முடிகிறது. கல்வெட்டியலார் இன்றும் மைப்படியைக் கொண்டே படிக்கின்றனர்; அதனைக் கல் என்று எவரும் மயங்குவதில்லை. பழங்கற்படி மூலத்தின் மதிப்பைக் குறைக்கவில்லை. மூலம் அழிந்த பின்னும் அதன் செய்தியைக் காத்தது.

முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. படி, பின்பற்றுக் காசு, போலி ஆகியவை வெவ்வேறானவை. 'போலி நாணயம்' என்னும் ஒரே சொல்லால் மூன்றையும் சுட்டுவதை ஆய்வுக் கட்டுரைகளில் தவிர்த்தல் வேண்டும்.

2. கல்லூரிகளும் அருங்காட்சியகங்களும் செய்விக்கும் படிகளில், கழுவினாலும் தேய்த்தாலும் எளிதில் அழியாதவாறு, காசின் பரப்பிலேயே 'படி' என்னும் சொல்லும் செய்த ஆண்டும் பொறிக்கப்பட வேண்டும். விளிம்புக் குறி மட்டும் போதாது; அது எளிதில் தேய்ந்துவிடும்.

3. தனியார் தொகுப்பிலுள்ள காசினை வெளியிடும் ஆய்வாளர் எடை, விட்டம், ஒப்படர்த்தி, விளிம்பின் நிழற்படம், காசு வந்த வழி ஆகிய ஐந்தையும் தருதல் வேண்டும். வந்த வழி வாய்மொழியாக மட்டும் அறியப்பட்டது எனில் அதனையும் வெளிப்படையாகக் குறிக்க வேண்டும்.

4. தவறாக வெளியிட்ட காசினைத் திரும்பப் பெறும்போது காரணத்தையும் சேர்த்து வெளியிட வேண்டும். அது பிறருக்குச் சோதனைப் பாடமாகும்.

அந்த ஆந்தைக் காசு இப்போதும் அதே வீட்டில் உள்ளது. வீட்டாரின் இசைவுடன் அதனைத் தனி உறையிலிட்டு, 'பிரேயசுத் துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த படி' என்று எழுதி ஒட்டியுள்ளோம். ஏதென்சின் வணிகம் பற்றி அது எச்சான்றும் தருவதில்லை. கடலோடிய ஒரு நெல்லைச் சீமைக்காரரின் வாழ்க்கைக்கு அது மெய்யான சான்று.